மென்திறன் தேர்வும் தேர்வோர்க்குரிய வரம்பும்

வினைக்குரியாரைத் தேருங்கால் கல்வியோடு பண்பையும் சோதித்தறிதல் இந்திய அரசியல் மரபில் தொன்மையானது. நேர்மை, மனவுறுதி முதலாக இன்று மென்திறன் என்பதனுள் அடக்கப்படும் இயல்புகளை அறியக் கௌடலீயரின் அர்த்தசாத்திரம் அறம், பொருள், இன்பம், அச்சம் என்னும் நால்வகை உபதைகளை வகுக்கிறது. அறச்சோதனையில் தேறியவர் நீதிப்பணிக்கும், பொருட்சோதனையில் தேறியவர் கருவூலப் பணிக்கும் உரியராவர். தேர்வு பணிக்கேற்ப வேறுபட்டமை இதனால் புலனாகிறது.

திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரமும் (51) இந்நான்கினையே முதற்கண் சுட்டுகிறது. பரிமேலழகர் இவ்வடநூற் கருத்தைக் கொண்டே 501ஆம் குறளுக்கு உரை கண்டு, 'உயிரெச்சம்' என்னும் பாடத்தை மறுக்கிறார்.

எனினும், சோதனைக்கும் எல்லை உண்டு. மாசற்றவரைச் சோதனையால் மாசுபடுத்துதல் நீரில் நஞ்சு கலப்பது போன்றதெனக் கௌடலீயர் எச்சரிக்கிறார். வள்ளுவரோ தேர்வோரை நோக்கி, அன்புடைமை பற்றி அறிவிலாரைத் தெளிதல் பேதைமை தரும் என்கிறார் (507).

இவ்வச்சம் இக்காலத்திலும் நீங்கவில்லை. அரியானா ஆட்சிப்பணித் தேர்வில் பொதுப்பிரிவினர்க்கு நேர்முகத் தேர்வு மொத்த மதிப்பெண்ணில் 22.2 விழுக்காடு பெற்றிருந்தது. அசோக்குமார் யாதவ் வழக்கில் (1985) உச்சநீதிமன்றம் இதனை மிகையெனக் கண்டு, 12.2 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்றது. மிகுமதிப்பெண் தன்விருப்பத் தேர்வுக்கு இடந்தரும் என்பதே அதன் கருத்து.

பண்பறிதல் இன்றியமையாதது, அறிவோரின் விருப்பு வெறுப்புகளுக்கு வரம்பிடுதலும் அதனோடு ஒப்ப இன்றியமையாதது என்பதே இம்மரபு உணர்த்தும் உண்மை.