'காய்ச்சல்' எண்டு எழுதி முடிச்ச சாவுகள்

1918இல் வந்த இன்புளுவென்சா இலங்கையில் எத்தனை பேரைக் கொண்டுபோனது? சந்திரா, சரத்சந்திரா என்ற ஆய்வாளர்கள் 2014இல் போட்ட கணக்கு ஏறத்தாழ 307,000. அன்றைய சனத்தொகையில் 6.7 வீதம்! ஆனால் இது மதிப்பீடுதான். மரணப் பதிவேட்டில் நோயின் பெயரை எண்ணி எடுத்ததில்லை.

எண்ணவும் ஏலாது. கிராமங்களில் சாவைப் பதிந்தவர் டாக்டர் இல்லை, பதிவாளர். வீட்டார் சொன்னதை எழுதுவார்: காய்ச்சல், நிமோனியா. ஆற்றை ஓடத்தில் கடக்கவேண்டியிருந்த எங்கட வெருகல் மாதிரி ஊரில், இது மலேரியாவா இன்புளுவென்சாவா எண்டு ஆர் பிரிச்சுப் பார்த்திருப்பினம்?

பட்டணத்து டாக்டர்மாரும் பெரிசாக முன்னுக்கு நிற்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பும், நீலம்பாரித்த உதடும்தான் அவர்களின் சான்று. 1892இல் பைபர் சொன்ன பக்டீரியாவையே பலர் தேடினார்கள். உண்மையான வைரஸை ஸ்மித், அன்ட்ரூஸ், லெயிட்லோ மூவரும் 1933இல்தான் லண்டனில் பிடித்தார்கள்.

1918இல் செத்த அமெரிக்கச் சிப்பாய் ஒருவரின் நுரையீரல் துண்டைப் பத்திரமாக வைத்திருந்தபடியால், டோபன்பேர்கர் குழு 1997இல் அதிலிருந்து வைரஸின் மரபணுத் துணுக்குகளை எடுத்தது. 79 வருடம் கழிச்சு நோய் நிர்ணயம்! எங்கட ஆக்களுக்கு மிஞ்சினது பதிவாளரின் ஒற்றைச் சொல்.

இப்பவும் எக்ஸ்ரே நிமோனியாவைக் காட்டும், கிருமியைச் சொல்லாது. அதுக்கு மூக்கு, தொண்டைச் சளியில் பிசிஆர் செய்யவேணும். அது செய்யமுதல் ஆள் போய்விட்டால், சான்றிதழில் 'நிமோனியா' எண்டதோட முடிஞ்சுபோகும்.