முதியோர் இல்லமும் முஸ்லிம் மரபும்

பெற்ற தாயை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது கூடுமா, கூடாதா? இந்தக் கேள்வி இன்று நம்மவர் இல்லங்களில் தாழ்ந்த குரலில் கேட்கப்படுகின்றது. ஆண்மக்கள் வளைகுடா நாடுகளிலே இருக்கின்றனர். வீட்டிலிருக்கும் மருமகளுக்கோ படுத்த படுக்கையான மாமியாரைத் தூக்கி அமர்த்தும் வலுவில்லை. நினைவு தடுமாறிய மூதாட்டி நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுகிறார். இல்லத்தில் சேர்த்தால் ஊர் ஏசும். சேர்க்காவிடிலோ அவர் உயிருக்கே கேடு. ஏசுவோரும் ஏசப்படுவோரும் நம் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நலம்.

கி.பி. 622இல் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களுடன் ஹிஜ்ரத் புறப்பட்டபோது, கைப்பொருள் அனைத்தையும் உடன் கொண்டு சென்றார்கள். அவர்களின் தந்தை அபூகுஹாஃபா பார்வையிழந்த முதியவர். அன்று இஸ்லாத்தைத் தழுவாதவர். குடும்பத்தைத் திக்கற்றதாக்கிவிட்டு மகன் போய்விட்டாரோ எனக் கலங்கி வந்தார். பேத்தி அஸ்மா (ரலி) அவர்கள் பணம் வைக்கும் சுவர்மாடத்தில் கற்களை இட்டு, துணியால் மூடி, பாட்டனாரின் கையை அதன்மேல் வைத்தார்கள். முதியவர் நெஞ்சம் ஆறுதலுற்றது.

ஹிஜ்ரி 8இல் (கி.பி. 630) மக்கா வெற்றிகொள்ளப்பட்ட போது, அத்தந்தையைக் கைப்பிடித்து நபிகளாரின் சமுகத்திற்கு அழைத்து வந்தார்கள் அபூபக்ர் (ரலி). முதியவரை வீட்டிலேயே இருக்கவிட்டிருந்தால் தாமே சென்று கண்டிருக்கலாமே என்றார்கள் மாநபி (ஸல்). அன்றே அபூகுஹாஃபா இஸ்லாத்தை ஏற்றார்.

இதன் பின்னரும் தந்தை மக்காவிலேதான் வாழ்ந்தார். மைந்தரோ மதீனாவில் இருந்தார்கள். கலீஃபாவான பிறகும் அந்நிலை மாறவில்லை. ஹிஜ்ரி 12, ரஜபு மாதத்தில் உம்ராவுக்கு வந்தார்கள் கலீஃபா. வீட்டு வாசலில் இளைஞர் சிலருடன் உரையாடிக் கொண்டிருந்தார் தந்தை. மகன் வந்திருக்கிறார் என்று கேட்டதும் எழுந்தார். அவர் எழுந்து நிற்பதைப் பொறாமல், ஒட்டகம் மண்டியிடுமுன்னரே குதித்திறங்கி, எழ வேண்டாமெனத் தடுத்து, தழுவிக்கொண்டு நெற்றியில் முத்தமிட்டார்கள். முதியவர் மகிழ்ச்சியால் அழுதார். இப்னு ஸஅது இதனைத் தம் தபகாத் நூலில் பதிந்துள்ளார்.

தனியே வாழ்வது வேறு, தள்ளிவைக்கப்படுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியே நாம் குழம்புகிறோம்.

பெற்றோருக்கு 'சீ' என்றும் சொல்லலாகாது எனத் தடுக்கும் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தில் 'இந்தக' என்றொரு சொல் உண்டு. 'உம்மிடத்தில்' என்பது அதன் பொருள். பெற்றோர் உமது அரவணைப்பிலும் பொறுப்பிலும் இருத்தலே அது என விளக்குகிறார் இமாம் பைளாவீ. ஸமக்ஷரீயோ அரவணைப்புடன் வீட்டையும் சேர்த்தே கூறுகிறார். ஆகவே வீடே முதலிடம்; ஆயினும் வீட்டில் வைத்திருப்பதால் மட்டும் பொறுப்பு நிறைவேறிவிடாது. புறக்கடையில் ஒரு கட்டிலைப் போட்டு, நாளெல்லாம் பேச்சுத்துணையின்றி விட்டுவைப்பதும் கைவிடுதலே.

வீடற்றோருக்கு நம் முன்னோர் வீடு அமைத்தனர். கெய்ரோவின் கராஃபா பகுதியில், நபிகளாரின் துணைவியர் வீடுகளின் சாயலில் அமைந்த மனைகள் இருந்தன. அவற்றில் மூதாட்டிகளும் விதவைகளும் தங்கி வணக்கத்தில் ஈடுபட்டனர் என எழுதுகிறார் ஹிஜ்ரி 845இல் மறைந்த வரலாற்றாசிரியர் மக்ரீஸீ. அம்மனைகள் ரிபாத் எனப்பட்டன. ஸுல்தான் பைபர்ஸின் மகளார் ஹிஜ்ரி 684இல் நிறுவிய ரிபாத்துல் பக்தாதிய்யாவில், மணவிலக்குப் பெற்ற பெண்களும் கணவரால் கைவிடப்பட்ட பெண்களும் அடைக்கலம் பெற்றனர். அங்கே மார்க்கம் போதிக்க ஒரு பெண் ஆசானும் இருந்தார்.

இஸ்தான்பூலில் ஸுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது காலத்தில், 1896இல், 'தாருல் அஜஸா' திறக்கப்பட்டது. 'இயலாதோர் இல்லம்' என்பது அப்பெயரின் பொருள். அதன் வளாகத்தில் பள்ளிவாசலுடன் மாதாகோயிலும் யூதர் ஆலயமும் எழுந்தன. அவ்வில்லம் இன்றும் இயங்குகின்றது. எனவே, முதியோர் இல்லம் என்பதே அந்நியர் வழக்கம் எனச் சொல்வது வரலாற்றுக்கு ஒவ்வாது.

எனினும் ஒன்றை மறக்கலாகாது. அந்த ரிபாத்துகள் பிள்ளைகளின் கடமையை ஏற்றுக்கொள்ள எழுந்தவையல்ல; போக்கிடமில்லாதோரைத் தாங்க எழுந்தவை. வறிய பெற்றோருக்கு வசதியுள்ள மக்கள் நஃபகா அளிப்பது கடமையென்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. இந்திய அரசின் 2007ஆம் ஆண்டுச் சட்டமும் மக்களிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரும் உரிமையைப் பெற்றோருக்கு வழங்குகின்றது. ஆனால், தொகையை வாங்கித்தர நீதிமன்றத்தால் முடியும். நெற்றியில் முத்தமிட வைக்க முடியுமா?

வேறு வழியின்றித் தாயை ஓர் இல்லத்தில் சேர்க்க நேர்ந்தால், முதலில் அவர்களின் சம்மதத்தைக் கேளுங்கள். ஒளூச் செய்ய வசதியுண்டா, ஹலாலான உணவு கிடைக்குமா, பெண்ணுக்குப் பெண்ணே பணிவிடை செய்வாரா என நேரில் பாருங்கள். அவர்கள் ஓதிவந்த குர்ஆன் பிரதியையும் தொழுகை விரிப்பையும் உடன் அனுப்புங்கள். பிறகு, அடிக்கடி சென்று வாருங்கள். அபூகுஹாஃபாவை மகிழ்ச்சியால் அழவைத்தது பைத்துல்மாலின் பொருளன்று, மகனின் வருகையே.

வாசலில் காத்திருப்பவர் எழுந்து நிற்குமுன் நாம் சென்று இறங்க அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.