ஏரி தெரியும் ஜன்னல்

போன மாதம் மாதவரத்திலிருந்து என் மகள் போன் செய்தாள். "அப்பா, பக்கத்து மனையிலே அஸ்திவாரம் தோண்டுறாங்க. அஞ்சு மாடியாம். இனிமே நம்ம பால்கனியிலேர்ந்து ஏரி தெரியாது. கோர்ட்டுக்குப் போகலாமா?"

ஏரி தெரிகிறது என்பதற்காகவே சதுர அடிக்குக் கூடுதலாகக் கொடுத்து அந்த வீட்டை வாங்கினாள். நான் ரிட்டயர் ஆனபோது வந்த பணமும் அதில் கொஞ்சம் உண்டு. சர்க்கார் ஆபீஸில் முப்பது வருஷம் கோப்பு புரட்டிய அப்பாவுக்குச் சட்டம் தெரியும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. தெரிந்ததைச் சொன்னேன், அவளுக்குப் பிடிக்கவில்லை. உங்களில் பலருக்கும் இந்தத் தொல்லை வந்திருக்கும், வரும். அதனால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

நம் ஊரில் அண்டை வீட்டுச் சண்டைகளுக்கெல்லாம் ஆதாரம் 1882-ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டம். தமிழில் வசதியுரிமைச் சட்டம் என்பார்கள். அந்த வருஷம் ஜூலை 1 முதல் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகிய இடங்களில்தான் முதலில் அமலுக்கு வந்தது. ஒரு கட்டடத்துக்கு 20 வருஷம் இடையூறில்லாமல் வெளிச்சமும் காற்றும் வந்துகொண்டிருந்தால், அவை அந்தக் கட்டடத்தின் உரிமையாகிவிடும் என்கிறது அது. காட்சியைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

இதன் வேர் 1610-இல் இங்கிலாந்தில் இருக்கிறது. நார்ஃபோக்கில் வில்லியம் ஆல்ட்ரெட் என்பவர் வீட்டை ஒட்டிப் பக்கத்துக்காரர் பன்றிக் கொட்டகை போட்டார். நாற்றம் தாங்காமல் ஆல்ட்ரெட் வழக்குப் போட்டு ஜெயித்தார். அந்த வழக்கில்தான் நீதிபதிகள் கோடு கிழித்தார்கள்: நல்ல காற்றும் வெளிச்சமும் வாழ்வதற்குத் தேவை, அழகான காட்சி மனமகிழ்ச்சிக்கு மட்டுமே, அதற்கு வழக்கு கிடையாது. பன்றி நாற்றத்தில் பிறந்த அந்த விதி இன்றைக்கு மாதவரம் வரைக்கும் வந்து நிற்கிறது!

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். நெப்போலியன் காலத்தில், 1804-இல் வந்த கோட் சிவில் 1819 முதல் அங்கே நடைமுறையில் இருந்தது. அதில் 'வ்யூ', அதாவது பார்வை, என்றே தனிப் பகுதி உண்டு. 'பிரெஞ்சுக்காரன் ரசிகன், காட்சிக்கும் சட்டம் போட்டிருக்கிறான்' என்று சின்ன வயதில் பெருமையாக நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால் கதை நேர் எதிர். நேராகப் பார்க்கும் ஜன்னல் பக்கத்து மனை எல்லையிலிருந்து 1.90 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், பக்கவாட்டில் பார்ப்பது 60 சென்டிமீட்டர். நம் கண்ணிலிருந்து அடுத்தவரைக் காப்பாற்றும் சட்டம் அது!

காட்சிக்கே சட்டம் போட்டவர்கள் கான்ஸ்தாந்திநோபிள்காரர்கள். 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டீனியன் சக்கரவர்த்தி, 100 அடிக்குள் கட்டடம் எழுப்பி அண்டை வீட்டின் கடல் காட்சியை மறைக்கக் கூடாது என்றார்.

நம் சர்க்காரும் நினைத்தால் செய்யும். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று 1997-இல் அரசாணை வந்தது. ஏரிக்கு அப்படி இல்லை. கரையிலிருந்து 15 மீட்டருக்குள் கட்ட நிபந்தனை உண்டு, அதுவும் தண்ணீர் கெடாமலிருக்க. 2007-இல் ஏரிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அது ஆக்கிரமிப்பை அகற்ற. 2019 விதிகளின்படி 18.30 மீட்டர் உயரம் வரை சாதாரணக் கட்டடம்தான். ஏரியைப் பார்க்கும் கண்ணுக்கு எதிலும் இடமில்லை. இதைவிட வேடிக்கை மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோடு. அது பார்த்துக்கொண்டிருந்த நீண்ட ஏரியை 1920-களில் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. பெயர்ப்பலகை மட்டும் இன்னும் ஏரியைப் பார்க்கிறது.

ஒரு வழி உண்டு. மனை விற்கும்போதே 'இத்தனை அடிக்கு மேல் கட்டமாட்டேன்' என்று பத்திரத்தில் எழுதி வாங்கினால், அது தெரிந்து பின்னால் வாங்குகிறவரையும் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம். மகள் பத்திரத்தை வரி விடாமல் படித்தேன். விளம்பரத்தில் இருந்த ஏரி பத்திரத்தில் இல்லை. வீடு கட்டி ஆறு வருஷம்தான் ஆகிறது, ஆகவே வெளிச்சத்துக்கும் 20 வருஷக் கணக்கு உதவாது.

திருவொற்றியூரில் நான் குடியிருந்த மாடியிலிருந்தும் ஒரு காலத்தில் கடல் தெரிந்தது. முன்னால் இருந்தவர் மாடி எடுத்தார். என் மனைவி நாலு நாள் அவர் வீட்டோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு போய் மனைக்காரரைப் பார்த்தேன். நல்ல மனிதர், டீ வாங்கித் தந்தார். ஒரு மாடி குறைத்துக்கொள்ள முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சார், என் பிள்ளைங்களும் ஏரி தெரியணும்னுதான் அஞ்சாவது மாடி கேக்குறாங்க" என்றார்.

பிளானை வாங்கிப் பார்த்து, பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை டேப் வைத்து அளந்தேன். பிளானில் உள்ளபடியே விட்டிருந்தார்.