மடக்குக் கத்தி மடங்காமல் நின்ற கதை

உங்கள் வீட்டில் ஒரு மடக்குக் கத்தி இருக்குமாயின் அதைக் கையில் எடுத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படியுங்கள். பழம் நறுக்கும் பேனாக் கத்தியாக இருந்தாலும் போதும். அலகை மெல்லத் திறந்து பாருங்கள். முதலில் சற்று முரண்டு பிடிக்கும். பிறகு எளிதாக வரும். முடிவில் 'டக்' என்ற ஒலியுடன் நேராக நிற்கும். அந்த 'டக்' ஒலியில்தான் மடக்குக் கத்தியின் வரலாறு அடங்கியிருக்கிறது என்று சொன்னால் வியப்பாக இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒளியியல் சோதனை ஒன்றுக்காகத் தடித்த அட்டையில் துளையிட முயன்றேன். கையில் இருந்தது திருவிழாக் கடையில் வாங்கிய பழைய மடக்குக் கத்தி. முனையை அட்டையில் குத்தினேன். அது சிக்கிக்கொண்டது. வெளியே இழுக்கச் சற்றே நெம்பினேன். அலகு மடங்கி என் சுட்டுவிரலின் மேல் விழுந்தது. மூன்று தையல்! திருப்புத்திறனைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் ஒருவன் அதை மறந்ததற்குக் கிடைத்த பரிசு அது.

மடக்குக் கத்தியிடம் நாம் கேட்பவை இரண்டு. வேண்டும்போது மடங்க வேண்டும். வேண்டாதபோது மடங்கக் கூடாது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை. இம்முரணைத் தீர்க்க மனிதன் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக முயன்று வந்திருக்கிறான்.

ஆஸ்திரியா நாட்டில் ஹால்ஸ்டாட் என்னும் பழைய உப்புச் சுரங்க ஊர் உண்டு. அங்குக் கிடைத்த எலும்புக் கைப்பிடியுள்ள மடக்குக் கத்தி ஏறத்தாழ கி.மு. 600-500 காலத்தது என்பர். உரோமானியர்களும் மடக்குக் கத்திகளைச் செய்தனர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில், கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த வெள்ளிக் கருவி ஒன்று இருக்கிறது. கரண்டி, முள்கரண்டி, கூரிய முள், கத்தி முதலியன ஒரே பிடிக்குள் மடங்கும் கருவி அது. பல கருவிகளை ஒரு பிடியில் அடக்கும் எண்ணம் நம் காலத்தது என்று நினைத்திருந்தால், அதனை மாற்றிக்கொள்ளுங்கள்!

ஆனால், பழங்கால மடக்குக் கத்திகள் பலவற்றில் அலகை நிறுத்தி வைத்தது ஆணியின் உராய்வு மட்டுமே. ஆணியை இறுக்கினால் திறப்பது கடினம். தளர்த்தினால் தானே மடங்கும். மழைக்காலத்தில் மரப்பிடி ஊதி இறுகும், வெயிலில் சுருங்கித் தளரும். உராய்வை நம்பிய கத்தி பருவநிலையையும் நம்பியாக வேண்டும்.

இந்நிலையை மாற்றியது ஒரு வில்பட்டை. ஸ்பிரிங் என்று நாம் வழங்குவது இதனைத்தான். கைப்பிடியின் முதுகில் ஓர் எஃகுப் பட்டை படுத்திருக்கும். அதன் ஒரு முனை, அலகின் அடிப்பகுதியை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அடிப்பகுதி வட்டமாக இராமல் தட்டையான முகங்களுடன் இருக்கும். தட்டை முகம் வில்லின் முனையோடு பொருந்தும் நிலையில் அலகு நிற்கும். அதைத் திருப்ப வேண்டுமானால் மூலை வில்லை உயர்த்தியாக வேண்டும். நீங்கள் கேட்ட 'டக்' ஒலி, மூலை கடந்து வில் மீண்டும் தட்டை முகத்தில் விழும் ஒலியே.

வில் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும்? சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். அலகின் நீளம் 70 மில்லிமீட்டர் என்க. அதன் முனையில், முதுகுப்புறமாக 1 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை அழுத்துகிறது. அடிப்பகுதியில் வில்லின் விசை, ஆணியிலிருந்து 3.5 மில்லிமீட்டர் தூரத்தில்தான் செயற்படுகிறது. 70ஐ 3.5ஆல் வகுத்தால் 20. அதாவது, முனையில் வரும் ஒரு கிலோகிராமைத் தாங்க, வில் இருபது கிலோகிராம் எடையளவு அழுத்த வேண்டும்! ஒரு விரல் நீளமுள்ள பட்டையிடம் நாம் கேட்பது சிறிய வேலையன்று.

இத்தகைய வில்லுக்கு நல்ல எஃகு தேவை. இங்கே ஒரு செய்தி. கடினமான எஃகு 'அதிகமாக எதிர்த்து வளையும்', மென்மையான எஃகு 'எளிதில் வளையும்' என்று மாணவர் பலர் எழுதுகின்றனர். இரண்டின் யங் குணகமும் ஏறக்குறைய ஒன்றே. ஒரே விசைக்கு இரண்டும் ஒரே அளவுதான் வளையும். வேறுபாடு மீள்தன்மை எல்லையில் இருக்கிறது. மென்மையான எஃகு விரைவில் அவ்வெல்லையைத் தாண்டி, வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும். தோய்ச்சல் போட்டுப் பக்குவப்படுத்திய எஃகு, ஆயிரம் முறை வளைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நல்ல வில் எஃகைத் தேடி அலைந்தவர் ஒரு கத்திக்காரரல்லர், கடிகாரக்காரர். பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற அந்த ஆங்கிலேயர், 1740ஆம் ஆண்டையொட்டி ஷெஃபீல்டு நகருக்கு அருகே களிமண் மூசைகளில் எஃகை முழுவதும் உருக்கி, ஒரே சீரான எஃகைப் பெற்றார். ஷெஃபீல்டுக் கத்தித் தொழிலாளர்கள் அது மிகக் கடினமானது என்று சொல்லி முதலில் வாங்க மறுத்துவிட்டனர். ஹன்ட்ஸ்மன் அதனைப் பிரான்சுக்கு அனுப்பினார். பிரெஞ்சுக் கத்திகள் சந்தையில் வென்றபோதுதான் உள்ளூர்க்காரர்களுக்குக் கண் திறந்தது.

மூசையில் எஃகு செய்யும் முறை தென்னிந்தியக் கொல்லர்களுக்கு அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தெரிந்திருந்தது. அவ்வகை எஃகை மேனாட்டார் 'ஊட்ஸ்' என்று வழங்கினர். 1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் இராயல் சங்கத்துக்கு அளித்த கட்டுரை ஊட்ஸ் பற்றியது. அந்த ஆய்வின்போது ஸ்டோடர்ட் என்ற கத்தி வினைஞர் அந்த இந்திய எஃகைக் காய்ச்சி அடித்து முதலில் செய்து பார்த்தது எது தெரியுமா? ஒரு பேனாக் கத்தி! இறகுப் பேனாவின் முனையைச் சீவ ஒவ்வொரு எழுத்தரும் வைத்திருந்த கத்தி அது. பேனாக் கத்தி என்ற பெயரும் அதனால் வந்ததே. அதே ஸ்டோடர்ட், பின்னாளில் மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார்.

இனி, பணிக்காக எடுத்துச் செல்லும் கத்தியைப் பார்ப்போம். இராணுவக் கத்தி என்றதும் சண்டை நினைவுக்கு வரும். சுவிட்சர்லாந்து இராணுவத்தின் கத்தி அதற்காகப் பிறந்ததன்று. ஒவ்வொரு வீரருக்கும் மடக்குக் கத்தி தருவதென்று 1886இல் முடிவு செய்யப்பட்டது. 1889இல் ஷ்மிட்-ரூபின் துப்பாக்கி வந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யத் திருப்புளி வேண்டும். டின்னில் அடைத்த உணவைத் திறக்க ஒரு கருவி வேண்டும். ஆகவே அலகு, துளையூசி, டின் திறப்பான், திருப்புளி என்ற நான்கும் ஒரு மரப்பிடிக்குள் வந்தன. '1890 மாதிரி' என்று பெயர். தேவைகளை முதலில் பட்டியலிட்டு, அதன்பின் கத்தியை வரைந்தனர் என்பதை இங்கே கவனியுங்கள். நாம் கடையில் கத்தி வாங்கும்போது பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடந்துகொள்கிறோம்.

முதல் தொகுதியைச் செய்து தரும் அளவுக்குச் சுவிஸ் தொழிற்சாலை எதுவும் அன்று இல்லை. ஜெர்மனியின் ஜோலிங்கன் நகரிலிருந்து கத்திகள் வந்தன. இபாக் என்னும் சிற்றூரில் 1884இல் பட்டறை தொடங்கியிருந்த கார்ல் எல்ஸனர், சக கத்தித் தொழிலாளர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்து, 1891இல் இராணுவத்துக்குத் தம் கத்திகளை அளித்தார். ஆனால் ஜோலிங்கன் விலை குறைவு. கூட்டாளிகள் ஒவ்வொருவராக விலகினர். எல்ஸனர் கடனில் மூழ்கினார். உறவினர்கள் கைகொடுத்ததால் தப்பினார்.

அவருடைய சிறந்த கண்டுபிடிப்பு 1897இல் வந்தது. வில்பட்டையின் இரு புறங்களிலும் கருவிகளைப் பொருத்தினால், ஒரே வில் இரு பக்கத்துக் கருவிகளையும் தாங்கும் அல்லவா? இவ்வகையில் ஆறு கருவிகளுக்கு இரண்டே வில்கள் போதுமாயின. கத்தி இலேசானது. இதுவே 'அதிகாரிகள் கத்தி'. ஆனால் இராணுவம் இதை அதிகாரிகளுக்கு வழங்கவில்லை. அவர்கள் தம் கைக்காசைக் கொடுத்தே வாங்கினர்!

1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி, துப்பாக்கிக் குழல் தேய்மானத்தை ஆராய்கையில், ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகைக் கண்டார். 1921இல் எல்ஸனர் நிறுவனம் அதனை ஏற்றது. 1909இல் மறைந்த எல்ஸனரின் தாய் விக்டோரியாவின் பெயரும், துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற பிரெஞ்சுச் சொல்லும் சேர்ந்து 'விக்டோரினாக்ஸ்' ஆயின. 1995இல் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் என்ற விண்வெளி வீரர், மீர் விண்வெளி நிலையத்தின் கதவைத் திறக்க இத்தகைய கத்தி ஒன்றையே பயன்படுத்தினார்.

இவ்வளவு ஆகியும், வில் மட்டுமே உள்ள கத்தி போதிய விசை வந்தால் மடங்கத்தான் செய்யும். ஆகவே பூட்டு வந்தது. பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஓபினல் 1890 முதல் செய்த மரப்பிடிக் கத்தி, உராய்வை மட்டும் நம்பியது. 1955இல் அதன் கழுத்தில் சுழலும் ஓர் உலோக வளையம் சேர்ந்தது. வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்க வழியில்லை. இதைவிட எளிய பூட்டை நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் 1964இல் வந்த பக் நிறுவனத்தின் '110' கத்தியில், முதுகுப் பட்டையே கொக்கியாக அலகின் வெட்டில் விழுந்து பூட்டியது. சுவிஸ் வீரருக்கு 2008இல் வந்த புதிய கத்தியிலும் பூட்டு உண்டு. கையுறை அணிந்த ஒரு கையாலேயே திறக்க அலகில் துளையும் உண்டு.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அதே 2008 ஏப்ரல் மாதம், ஒரு கையால் திறந்து பூட்டக்கூடிய கத்திகளைத் தக்க காரணமின்றிப் பொது இடங்களில் எடுத்துச் செல்வதை ஜெர்மனி தடை செய்தது. இங்கிலாந்திலும், பூட்டில்லாத, 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைக் காரணமின்றி வைத்துக்கொள்ளலாம். பூட்டு இருந்தால் காரணம் சொல்லியாக வேண்டும். விரலைக் காக்கும் பூட்டு, சட்டத்தின் கண்ணுக்குக் குத்துவதற்கான வசதியாகத் தெரிகிறது. இரண்டும் ஒரே இயற்பியல்தான். முனையால் குத்தும்போதுதான் பூட்டு தேவைப்படுகிறது, அது அட்டையானாலும் சரி, வேறெதுவானாலும் சரி.

ஆகவே, நீங்கள் கத்தி வாங்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா, 'என் வேலையில் விசை எப்பக்கமிருந்து வரும்?' என்பதே. கயிறு அறுக்கையிலும் பழம் நறுக்கையிலும் பொருள் அலகின் கூர்ப்பக்கத்தைத் தள்ளுகிறது. அது அலகைத் திறக்கும் திசை. பிடியே அதைத் தடுத்து நிறுத்தும். இவ்வேலைகளுக்கு நல்ல வில்லுள்ள கத்தி போதும். 6 அல்லது 7 சென்டிமீட்டர் அலகு தாராளம். குத்தித் துளைப்பதும், சிக்கிய முனையை நெம்பி எடுப்பதும் அப்படியல்ல. அவற்றில் விசை முதுகுப்புறம் தாவக்கூடும். தோட்டத்திலும் படகிலும் பணி செய்வோருக்கு இத்தகைய வேலை அடிக்கடி நேரும். அவர்களுக்குப் பூட்டு வேண்டும். பூட்டையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. ஆணி தளர்ந்தால் பூட்டும் வழுக்கும்.

வாங்கும் முன், அலகைத் திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். 'டக்' ஒலி தெளிவாக இருக்க வேண்டும். மழுங்கிய ஒலி, வில் தளர்ந்ததன் அடையாளம். என் திருவிழாக் கத்தியில் அவ்வொலி நெடுநாளாகவே இல்லை என்பது, தையல் போட்ட பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அட்டையில் துளையிட இப்போது எங்கள் ஆய்வகத்தில் ஒரு தமரூசி இருக்கிறது.