அளவு பிறந்த கதை

நாரந்தனையிலிருந்து பஸ் ஏறி, பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போய், ரத்தம் குடுத்துவிட்டு வருகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "குளிசையைக் கூட்டி எழுதித் தந்துட்டு ஏன் ஆறு கிழமை கழிச்சு வரச் சொல்லுகினம்? அடுத்த கிழமை பார்த்தால் தெரியாதோ?" காய்ச்சலுக்குப் பனடோல் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் வித்தியாசம் தெரிகிறது. தைரொயிட் குறைவுக்குப் போடுகிற குளிசைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பொறுமை?

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்ல மருத்துவத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. மருந்து பிறந்த கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்த மருந்தில் எவ்வளவு போதும் என்ற அறிவு பிறந்த கதைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1873இல் இலண்டனில் வில்லியம் கல் என்ற வைத்தியர் ஒரு விசித்திர நோயை விவரித்தார். நடுத்தர வயதுப் பெண்கள் சிலருக்கு முகம் ஊதுகிறது, தோல் தடித்து வரளுகிறது, பேச்சு இழுபடுகிறது, எந்நேரமும் குளிர்கிறது, அறிவு மந்தமாகிறது. மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு அமெரிக்கா திரும்பியதும் அதே ஆண்டில்தான். அவரிடம் படித்து வெளியேறிய தமிழ் வைத்தியர்களின் கையில் இந்த நோய்க்கு மருந்து இருக்கவில்லை. இலண்டனிலும் இருக்கவில்லை. கழுத்தின் முன்பக்கத்தில் இருக்கும் தைரொயிட் என்ற அந்தச் சின்னச் சுரப்பி எதற்கு என்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

பத்து ஆண்டு கழித்து, சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரத்தில் தியோடோர் கோக்கர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தன் பழைய நோயாளிகளைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். கழலைக்காகச் சுரப்பியை முழுதாக வெட்டியெடுத்தவர்களில் பலர், கல் விவரித்த பெண்களைப் போலவே ஆகியிருந்தார்கள். கோக்கர் அதை மறைக்காமல் 1883இல் அறிவித்தார். பின்னால் 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. என் கணக்கில், அவரது கத்தித் திறமையை விட அந்த அறிவிப்புத்தான் பெரியது. சுரப்பி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை உலகுக்குக் காட்டியது அதுதான்.

இல்லாததைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று துணிந்தவர் இங்கிலாந்தின் வடக்கே நியூகாசிலைச் சேர்ந்த ஜோர்ஜ் மறே. வயது இருபத்தாறுதான். ஆட்டின் தைரொயிட்டை வெட்டி, கிளிசரினிலும் கொஞ்சம் காபோலிக் அமிலம் கலந்த நீரிலும் ஊறவைத்து, துணியில் பிழிந்தெடுத்த சாற்றை 1891இல் 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாக ஏற்றினார். சில மாதங்களில் வீக்கம் வடிந்தது, பேச்சுத் தெளிந்தது, முடி மீண்டும் முளைத்தது. அடுத்த ஆண்டே, ஊசி தேவையில்லை, வாயால் கொடுத்தாலும் வேலை செய்யும் என்று வேறு வைத்தியர்கள் கண்டுகொண்டார்கள். பிளிமத்தில் எட்வேட் பொக்ஸ் என்பவர் கிழமைக்கு ஒருமுறை ஆட்டுத் தைரொயிட்டில் பாதியை மெல்ல வதக்கிக் கொத்தி, பழப்பாகுடன் சாப்பிடச் சொன்னார். ஆட்டிறைச்சியில் எதையும் வீணாக்காத எங்கள் ஊராட்கள் இதைக் கேட்டால் மிளகாய்த்தூள் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

மறேயின் அந்த முதல் நோயாளி 1919 வரை வாழ்ந்தார். அந்த 28 ஆண்டுகளில் அவருக்காக 870க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் போயின என்று மறேயே கணக்கு எழுதியிருக்கிறார். ஆடுகளுக்குக் கணக்கு இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்பதற்குத்தான் கணக்கு இருக்கவில்லை. நாடி வேகமாக அடித்தால் குறை, முகம் மீண்டும் ஊதினால் கூட்டு. வைத்தியரின் கண்ணும் விரலுமே அளவுகோல். ஒரு ஆட்டின் சுரப்பியில் இருக்கிற சத்து மற்ற ஆட்டினதில் இருக்காது என்ற தொல்லை வேறு.

அந்தத் தொல்லை மெல்ல மெல்லத்தான் தீர்ந்தது. 1914 டிசம்பர் 25ஆம் திகதி, நத்தார் நாளில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வேட் கெண்டல் சுரப்பியின் ஓமோனான தைரொட்சினைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். ஏறத்தாழ மூன்று தொன் பன்றித் தைரொயிட்டிலிருந்து அவருக்குக் கிடைத்தது வெறும் 33 கிராம். 1926இல் இலண்டனில் சாள்ஸ் ஹரிங்டன் அதன் சரியான கட்டமைப்பைக் கண்டார். அடுத்த ஆண்டு ஜோர்ஜ் பார்ஜருடன் சேர்ந்து ஆய்வுகூடத்திலேயே அதைச் செய்து காட்டினார். ஆனாலும் அந்தத் தைரொட்சின் குடலில் ஒழுங்காக உறிஞ்சப்படவில்லை, விலையும் கூட. 1949இல் அதைச் சோடியம் உப்பாக மலிவாகத் தயாரிக்கும் வழி பிறந்த பிறகுதான் இன்று நாம் போடும் வெள்ளைக் குளிசைக்குப் பாதை திறந்தது. அதன்பின் ஒவ்வொரு குளிசையிலும் எத்தனை மைக்குரோகிராம் என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்தது. ஆளுக்கு எத்தனை மைக்குரோகிராம் என்பது மட்டும் அப்போதும் தெரியாது.

அதை அறிய எடுத்த முயற்சிகள் பார்க்கப் பரிதாபமானவை. சாப்பிடாமல் படுக்கவைத்து, மூக்கைக் கவ்வியால் அடைத்து, வாயால் மூச்சுவிடச் செய்து, உடம்பு எவ்வளவு ஒட்சிசன் எரிக்கிறது என்று அளந்தார்கள். நோயாளி பயந்தாலே கணக்குப் பிழைத்துவிடும். பிறகு ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் அயடீனை அளந்தார்கள். அயடீன் சேர்ந்த இருமல் மருந்து குடித்திருந்தால் அதுவும் பிழை. குதிக்காலின் மேல் தசைநாணைத் தட்டி, கால் எவ்வளவு மெதுவாகத் திரும்புகிறது என்றும் பார்த்தார்கள். இந்தக் குழப்பத்தில் நாளுக்கு 200, 300, சிலருக்கு 400 மைக்குரோகிராம் வரை கொடுப்பது வழக்கமாக இருந்தது.

திருப்பம் வந்தது தைரொயிட்டோடு தொடர்பில்லாத ஒரு இடத்திலிருந்து. நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், பழைய படைவீரர்களுக்கான ஆசுப்பத்திரி ஒன்றில் பௌதிகவியலாளர் றொசலின் யலோவும் வைத்தியர் சொலமன் பேர்சனும் நீரிழிவுக்காரரின் இன்சுலினை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இன்சுலின் ஊசி போடுகிறவர்களின் உடம்பில் அதற்கு எதிரான பிறபொருளெதிரி உருவாகிறது என்று அவர்கள் எழுதியதை ஆய்விதழ்கள் முதலில் திருப்பி அனுப்பின. அந்த மறுப்புக் கடிதத்தை யலோ பத்திரமாக வைத்திருந்து, நோபல் உரையில் எல்லாருக்கும் காட்டினார். அவர் செய்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். அதே பிறபொருளெதிரியையும் கதிரியக்க அயடீனையும் கொண்டு, ரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் ஓமோன்களை அளக்கும் முறையை அவர்கள் 1959, 60 அளவில் உருவாக்கினார்கள். காப்புரிமை எடுக்கவில்லை. 1965இல் றொபேட் யூட்டிகர் போன்றோர் அந்த முறையால் மனித ரத்தத்தில், தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனான டி.எஸ்.எச்.ஐ அளந்தார்கள்.

இங்கேதான் றிப்போட்டைப் பார்க்கிற எல்லாரும் தடுமாறுகிறார்கள். "டி.எஸ்.எச் கூடிப்போச்சாம், அப்ப தைரொயிட் கூடிப்போச்சோ?" இல்லை, மறுதலை. டி.எஸ்.எச் தைரொயிட் சுரப்பதில்லை, மூளைக்கு அடியில் இருக்கும் கபச்சுரப்பி சுரப்பது. காது மந்தமானவரைக் கூப்பிடுகிறவர் குரலை உயர்த்துவது போல, தைரொயிட் வேலை செய்யாவிட்டால் கபச்சுரப்பி டி.எஸ்.எச்.ஐக் கூட்டுகிறது. அதன் கூருணர்வும் சாதாரணமானதல்ல. ரத்தத்தில் தைரொட்சின் பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச் இரண்டு மடங்கோடு நிற்காது, பல பத்து மடங்கு ஏறும். ஒருவருக்கு எவ்வளவு போதும் என்று வைத்தியரின் கண்ணுக்குத் தெரியாததை அவரது கபச்சுரப்பி இத்தனை காலமும் அறிந்தே இருந்தது. அதனிடம் கேட்கத்தான் வழி இல்லாமலிருந்தது.

கேட்டபோது வந்த பதில் வைத்தியர்களைச் சங்கடப்படுத்தியது. மறே ஆட்டுச் சாறு பிழிந்த அதே நியூகாசிலில், டேவிட் எவெரெடும் றெஜினோல்ட் ஹோலும் இருந்த குழு 1973இல் டி.எஸ்.எச்.ஐப் பார்த்துப் பார்த்து அளவை மாற்றி, பெரும்பாலானவர்களுக்கு 100இலிருந்து 200 மைக்குரோகிராமுக்குள் போதும் என்று அறிவித்தது. வில்லியம் கல் நோயை விவரித்துச் சரியாக நூறு ஆண்டு. அதுவரை பலர் தேவைக்கு மேல் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். தேவைக்கு மேல் போனால் இதயத் துடிப்பு ஒழுங்கு கெடும், வயதான பெண்களுக்கு எலும்பு தேயும். இன்று முழுத் தேவை உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்குரோகிராம் அளவில் என்று கணக்கிடுகிறார்கள். இதய நோய் உள்ள முதியவருக்கு 12.5 அல்லது 25இல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள்.

இனி அந்த ஆறு கிழமை. தைரொட்சின் உடம்பில் நின்று நிதானமாகக் கழிகிற பொருள். இருப்பதில் பாதி கழிய ஏறத்தாழ ஏழு நாள் எடுக்கும். கதிரியக்க அடையாளமிட்ட தைரொட்சினை வைத்து 1956இல் ஸ்ரேர்லிங், சோடஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை மனிதரில் அளந்திருந்தார்கள். 50ஐ 75 ஆக்கினால், வரவேண்டிய மாற்றத்தில் பாதி முதலாம் கிழமை வரும், முக்கால் இரண்டாம் கிழமை, ஐந்தாம் கிழமையில் 97 வீதம். கபச்சுரப்பி அதை நம்பித் தன் சுரப்பைச் சரிசெய்ய இன்னும் கொஞ்ச நாள். இடையில் ரத்தம் பார்த்தால் பாதி வழியில் இருக்கும் இலக்கம்தான் கிடைக்கும், அதை நம்பி இன்னும் கூட்டினால் கடைசியில் அளவு தாண்டிவிடும். ஒருநாள் குளிசை தவறினால் பதறத் தேவையில்லை என்பதும், ஒருநாள் 50 மறுநாள் 75 என்று மாற்றிப் போடச் சொல்வதும் இதே கணக்கால்தான்.

நாரந்தனையைப் போன்ற தீவு ஊராருக்கு இன்னொரு ஐயமும் உண்டு. சுற்றிவரக் கடல், நாள்தோறும் மீன், பிறகும் எங்களுக்கு ஏன் தைரொயிட் குறைவு? இலங்கையில் கழலை முன்பு மலிந்திருந்தது மழை கூடிய தென்மேற்கில். வடக்கு அந்தப் பட்டைக்கு வெளியே. அயடீன் கலந்த உப்பும் 1995இலிருந்து நாடு முழுவதற்கும் சட்டமாகிவிட்டது. இன்று பெரும்பாலோருக்கு வருவது அயடீன் இல்லாமையால் அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கி அழிக்கும் நோயால். 1912இல் ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ நான்கு பெண்களில் கண்டு எழுதியது அது. மீன் தின்று அதை மாற்ற முடியாது.

குளிசையை வெறும் வயிற்றில் போட்டு அரை மணித்தியாலமாவது பொறுத்துத்தான் தேத்தண்ணி, கோப்பி. கல்சியம், இரும்புக் குளிசைகளுக்கும் இதற்கும் நான்கு மணித்தியாலம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் அவை இதைக் குடலிலேயே பிடித்துவைத்துவிடும். அளவு சரியாக இருந்தும் டி.எஸ்.எச் ஏறி நிற்கிறதென்றால், குளிசையைக் கூட்டுவதற்கு முன் காலைப் பழக்கத்தை விசாரிப்பது நல்லது. கர்ப்பம் தரித்தவருக்கு மட்டும் காத்திருப்புக் கிடையாது. தெரிந்தவுடனேயே வைத்தியரைக் கண்டு அளவைக் கூட்ட வேண்டும். நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தேவை ஏறும். பிள்ளையின் மூளை முதல் மாதங்களில் தாயின் தைரொட்சினில்தான் வளர்கிறது.

கடைசியாக ரொறன்ரோத் தொலைபேசி. ஊரில் தனித்திருக்கும் தாயின் றிப்போட்டை வட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, 6 எண்டு கிடக்குது, 4க்குள்ள இருக்கவேணும், உடன குளிசை தொடங்கச் சொல்லுங்கோ" என்று மகள் பதறுவாள். டி.எஸ்.எச் இலக்கம் கனடாவிலும் யாழ்ப்பாணத்திலும் ஒன்றுதான், அலகில் சிக்கல் இல்லை. வயதில்தான் சிக்கல். வயது ஏற ஏற டி.எஸ்.எச் தானாகவே சற்று உயரும். ஐரோப்பாவில், டி.எஸ்.எச் மட்டும் உயர்ந்து தைரொட்சின் சரியாக இருந்த, 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடைய 737 பேரில் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. தைரொட்சின் எடுத்தவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் குளிசை எடுத்தவர்களுக்கும் களைப்பில் வித்தியாசம் காணவில்லை. ஆகவே அப்படி முதல்முறை வந்த 6க்கு, இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொருமுறை ரத்தம் பார்ப்போம் என்று வைத்தியர் சொன்னால் அது அலட்சியம் அல்ல. நோய் உறுதியாகி ஏற்கெனவே குளிசை போடுகிறவர்கள் இதைக் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. தைரொட்சினே குறைந்துபோனவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.