பிரிப்பதற்காக எழுந்த பள்ளி

பள்ளிக்கூடம் ஒன்று புதிதாக எழும்புகிறது என்றால் மகிழாதவர் யார்? அடிக்கல் நாட்டும் நாளிலே ஊர் திரளும், தலைவர்கள் பேசுவர், பெற்றோர் தம் பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிப் பூரிப்பர். ஆனால், அமெரிக்க நாட்டின் நகரம் ஒன்றிலே புதிய பள்ளி எழுப்பத் திட்டமிட்டபோது, எந்த மக்களின் பிள்ளைகளுக்காக அது என்று கூறப்பட்டதோ, அந்த மக்களே அதை வேண்டாமென்று மறுத்தனர். மனு கொடுத்தனர்; மன்றாடினர்; வழக்கும் தொடுத்தனர். கல்வியின் அருமை அறியாத மக்களோ அவர்கள் என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! கல்வியின் அருமையை நன்கு அறிந்தவர்கள் அவர்கள். அறிந்திருந்ததனாலேயே எதிர்த்தனர்.

நகரத்தின் பெயர் இண்டியானாபொலிஸ்; இண்டியானா மாநிலத்தின் தலைநகரம். பள்ளியின் பெயர் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளி. அதன் வரலாற்றை நாம் படிக்கப் படிக்க, பிறவியைக் காட்டி மனிதனைப் பிரிக்கும் கொடுமை எத்தனை வேடம் போடும் என்பது விளங்குகிறது.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது ஏறத்தாழ பதினான்கு வயது முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகள் பயிலும் கூடம். பொதுப் பள்ளி எனில், மக்கள் செலுத்தும் வரிப்பணத்தில் நடப்பது, கட்டணம் இல்லாதது. அங்கே படிப்பு ஒரு கண் எனில் விளையாட்டு மற்றொரு கண். பள்ளியின் ஆட்டக்குழு பள்ளிக்கு மட்டும் உரியதன்று. ஊரின் மானமே அதன் கையில் இருப்பதாக மக்கள் கருதுவர். இண்டியானா மாநிலத்திலோ கூடைப்பந்து என்றால் வெறி. 1911ஆம் ஆண்டிலே தொடங்கிய மாநிலப் போட்டியில், 1997 வரை, பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற பாகுபாடே கிடையாது. நூற்றறுபது பேர் படிக்கும் சிற்றூர்ப் பள்ளியும், ஆயிரக்கணக்கானோர் படிக்கும் மாநகரப் பள்ளியும் ஒரே களத்தில் மோதும். அனைவருக்கும் ஒரே களம், ஒரே விதி என்று அம்மாநிலத்தார் பெருமை பேசினர்.

அனைவருக்குமா?

1922ஆம் ஆண்டு வரை அந்நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் ஒன்றாகவே பயின்று வந்தனர். அந்த ஆண்டில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனி உயர்நிலைப் பள்ளி கட்டுவதெனக் கல்விக் குழு முடிவு செய்தது. முகமூடி அணிந்து சிலுவையைக் கொளுத்தும் கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டம் இண்டியானாவில் கொழுத்துத் திரிந்த காலம் அது. ஆனால் பழி முழுவதையும் அந்த முகமூடிகள் மீது போட்டுவிட்டு நாம் போய்விடலாகாது. தனிப் பள்ளி வேண்டுமென்று கேட்டவர்களில் வணிகச் சங்கத்துக் கனவான்கள் இருந்தனர். குடியிருப்புச் சங்கத்து நல்லவர்கள் இருந்தனர். முகமூடி இல்லாத முகங்கள்! கறுப்பின மக்கள் எதிர்த்தனர். ஆர்ச்சி கிரேட்ஹவுஸ் என்பார் நீதிமன்றம் சென்றார். பயன் விளையவில்லை. கட்டடம் எழுந்தது.

பெயரிலும் ஒரு போராட்டம். ஜெபர்சன் பெயரைச் சூட்டக் கல்விக் குழு எண்ணியது. மனிதர் யாவரும் சமம் என்று எழுதிய கையாலேயே அடிமைகளை வைத்திருந்தவர் ஜெபர்சன். அவர் பெயரையா அடிமைகளின் வழித்தோன்றல்கள் தாங்குவது? மக்கள் மறுத்தனர். 1770 மார்ச் 5ஆம் நாள், பாஸ்டன் நகரில் ஆங்கிலேயப் படையினர் சுட்டபோது மாண்ட ஐவரில் முதலில் வீழ்ந்தவராகப் போற்றப்படும் கிறிஸ்பஸ் அட்டக்சின் பெயரைக் கேட்டுப் பெற்றனர். அவரும் கறுப்பினத்தவரே. பள்ளி அவர்கள் மீது திணிக்கப்பட்டது. பெயரோ அவர்கள் வென்றது.

1927 செப்டம்பரில் கதவு திறந்தது. ஏறத்தாழ 1,000 பேருக்கெனக் கட்டிய கூடத்தில் முதல் நாளிலேயே 1,300க்கும் மேற்பட்டோர் வந்து நிறைந்தனர். நகரின் மற்ற உயர்நிலைப் பள்ளிகளில் படித்துக்கொண்டிருந்த கறுப்பின மாணவர் அனைவரும் அங்கே அனுப்பப்பட்டனர். வீட்டருகே வேறு பள்ளி இருந்தாலும் அதன் வாயிலைக் கடந்து தொலைவு சென்றுதான் படிக்க வேண்டும் என்றாயிற்று.

இங்கேதான் பிரித்தவர்கள் எதிர்பாராதது நிகழ்ந்தது. பல்கலைக்கழகங்களில் படித்துப் பட்டம் பெற்ற கறுப்பின அறிஞர்களுக்கு அந்நாளில் வெள்ளையர் கல்லூரிகளில் ஆசிரியப் பதவி கிடைப்பதரிது. முதுகலைப் பட்டம் பெற்றவர்கள் பலர், முனைவர் பட்டம் பெற்றவர்கள் சிலர், இந்த உயர்நிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தனர். முதல் ஆண்டிலேயே ஆங்கில ஆசிரியராக வந்த ரஸ்ஸல் லேன், 1930 முதல் 1957 வரை தலைமையாசிரியராக இருந்து பள்ளியை வளர்த்தார். கல்லூரிக்குச் செல்ல விரும்பும் மாணவனுக்கு அதற்குரிய படிப்பும், தொழில் கற்க விரும்புவோனுக்குத் தொழிற்பயிற்சியும் அங்கே இருந்தன. இசைத் துறை தனிச் சிறப்புடன் விளங்கியது. ஜாஸ் இசை உலகில் டிராம்போன் என்னும் ஊதுகருவிக்குப் புதுவாழ்வு தந்த ஜே. ஜே. ஜான்சன் அப்பள்ளியில் பயின்றவர். 1955இல் அங்கே படிப்பை முடித்த ஜூலியா கார்சன் என்ற பெண்மணி, பின்னாளில் இண்டியானாபொலிஸ் மக்களின் சார்பாளராக 1997 முதல் 2007இல் மறையும் வரை அமெரிக்கப் பேரவையில் அமர்ந்தார்.

படிப்பு இவ்வாறு செழித்தது. விளையாட்டு?

மாநிலப் போட்டியை நடத்தும் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம் அட்டக்ஸ் பள்ளியைச் சேர்க்க மறுத்தது. காரணம் என்ன கூறிற்று தெரியுமா? அது பொதுப் பள்ளி அன்றாம். கறுப்பினத்தவர் மட்டுமே படிக்கும் பள்ளியாம்! பிற பள்ளிகளிலிருந்து இப்பிள்ளைகளை வெளியேற்றியது யார்? நகரின் கல்விக் குழு. வெளியேற்றப்பட்டோர் ஒன்றாக இருப்பதையே குற்றமாகக் காட்டிக் களத்தின் கதவை அடைத்தது யார்? விளையாட்டுச் சங்கம். ஒருவன் வேலியிடுவான், மற்றொருவன், வேலிக்குள் இருப்பவனுக்கு வெளியே என்ன வேலை என்று கேட்பான். இருவரும் தனித்தனியே நல்லவர்கள்!

பதினைந்து ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. தம்மோடு ஆட இசைந்த சிறு பள்ளிகளையும், வெளி மாநிலங்களின் கறுப்பினப் பள்ளிகளையும் தேடித் தேடிப் பயணம் செய்து ஆடினர் அட்டக்ஸ் மாணவர்கள். 1942இல்தான் சங்கம் கதவைத் திறந்தது.

திறந்த பின்னும் வழி மென்மையாக இல்லை. பெரிய ஆட்டங்களை நடத்துவதற்கேற்ற உடற்பயிற்சிக் கூடம் அப்பள்ளியில் இல்லை. சொந்த ஊரிலும் விருந்தாளிகளாகவே ஆடினர். களத்தில் முறுக்காதீர்கள், நடுவரோடு வாதாடாதீர்கள், வெள்ளையரின் நல்லெண்ணத்தை இழந்துவிடாதீர்கள் என்று தலைமையாசிரியர் லேன் பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுவார். அந்த அறிவுரையில் இருந்த அச்சத்தை நாம் குறைகூற மாட்டோம். ஒடுக்கப்பட்டவன் வெல்வதற்கு மட்டுமன்று, வென்ற பிறகு மன்னிக்கப்படுவதற்கும் உழைக்க வேண்டியிருக்கிறது. மற்றவன் பிள்ளை சினந்தால் அது இளமைத் துடிப்பு. இவன் பிள்ளை சினந்தால் அது இனத்தின் குணம்!

1950இல் பயிற்சியாளர் பொறுப்பேற்றார் ரே குரோ. ஒழுக்கத்தில் அவர் கண்டிப்பானவர். ஆனால் தயங்கித் தயங்கி ஆடுவதை அவர் ஏற்கவில்லை. ஓடுங்கள், விரைந்து தாக்குங்கள், வெல்லுங்கள் என்றார். 1951இல் ஆண்டர்சன் பள்ளியோடு நடந்த ஆட்டத்தில், இறுதி நொடிகளில் பெய்லி ராபர்ட்சன் எறிந்த பந்து கூடையில் விழ, 81க்கு 80 என்ற கணக்கில் அட்டக்ஸ் வென்றது. நகரின் கறுப்பின மக்கள் தெருக்களில் திரண்டு ஆர்ப்பரித்தனர். அந்த ஆண்டு மாநிலக் கோப்பை கிட்டவில்லை, வழி தெரிந்துவிட்டது.

பெய்லியின் தம்பிதான் ஆஸ்கர் ராபர்ட்சன். 1938இல் டென்னசி மாநிலத்துச் சிற்றூரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் இந்நகருக்கு வந்தவர். பந்து வாங்க வசதியின்றி, கந்தலையும் ரப்பர் வளையங்களையும் சுற்றிக் கட்டிய உருண்டையைப் பழக்கூடையில் எறிந்து பழகிய சிறுவன். 1954இல் அவர் ஆடிய அட்டக்ஸ் குழு, மிலன் என்னும் சிற்றூர்ப் பள்ளியிடம் 65க்கு 52 என்று தோற்றது. அந்த ஆண்டு மிலன் மாநிலக் கோப்பையையும் வென்றது. அடுத்த ஆண்டு நிலை மாறியது.

1955 மார்ச் 19. பட்லர் உள்ளரங்கில் ஏறத்தாழ 15,000 பேர் திரண்டிருந்தனர். இறுதியாட்டத்தில் எதிர்நின்ற கேரி ரூஸ்வெல்ட் பள்ளியும் கறுப்பினப் பள்ளியே! பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்வரை களத்திற்கே வரக்கூடாதென்று அட்டக்சைத் தடுத்து வைத்திருந்த போட்டியிலே, இறுதிக்கு வந்த இருவரும் கறுப்பினத்தவர். 97க்கு 74 என்று அட்டக்ஸ் வென்றது. ஆஸ்கர் மட்டும் 30 புள்ளிகள் எடுத்தார். மாநிலப் போட்டி தொடங்கிய நாள்முதல் இண்டியானாபொலிஸ் நகரின் எந்தப் பள்ளியும் வெல்லாத கோப்பை அது. அமெரிக்க நாடு முழுவதிலும், எல்லாருக்கும் உரிய மாநிலப் போட்டியை ஒரு கறுப்பினப் பள்ளி வென்றது அதுவே முதல்முறை.

நகரம் என்ன செய்தது? வெற்றி பெற்ற குழுவை நகரின் நடுவே உள்ள நினைவுத்தூண் வட்டத்தில் கொண்டாடுவது வழக்கம். அட்டக்ஸ் மாணவர்களைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றினர், வட்டத்தைச் சுற்றினர், அங்கே நிலைத்து நிற்கவிடாமல் கறுப்பின மக்கள் வாழும் பகுதியின் பூங்காவிற்குக் கொண்டு சென்றுவிட்டனர். கொண்டாட்டம் அங்கே நடக்கட்டும் என்பது ஏற்பாடு. நகருக்கு முதற்கோப்பை தேடித் தந்த பிள்ளைகளுக்கு நகரின் நடுவிடத்தில் சிறிது நேரம் நிற்க உரிமையில்லை! அந்த இரவின் புண் ஆறவில்லை என்பதை ஆஸ்கர் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார்.

1956இல் அட்டக்ஸ் மீண்டும் வென்றது. அந்த ஆண்டு ஆடிய 31 ஆட்டங்களிலும் வெற்றி, தோல்வி ஒன்றுமில்லை. அம்மாநில வரலாற்றில் தோல்வியே காணாது கோப்பை வென்ற முதற்குழு அது. இறுதியாட்டத்தில் ஆஸ்கர் 39 புள்ளிகள் குவித்தார். படிப்பிலும் சிறந்து, மாணவருக்கான தேசிய மதிப்புக் கழகத்தில் இடம்பெற்றார். 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். 1970இல், ஆட்டக்காரர் சங்கத் தலைவராக நின்று, ஆட்டக்காரனைச் சொத்துப்போல் பிடித்து வைத்திருந்த தொழில்முறைக் கூடைப்பந்து முதலாளிகள் மீது வழக்குத் தொடுத்தார். 1976இல் ஏற்பட்ட உடன்பாடு ஆட்டக்காரர்களுக்கு விடுதலை வழி திறந்தது. நடுவரிடம் வாதாடாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, நீதிமன்றத்தில் வாதாடி வென்றான்!

இவ்வரலாற்றைக் கேட்டுச் சிலர் கூறுவர்: "பார்த்தீர்களா, தனிப் பள்ளியால் நன்மைதானே விளைந்தது? சிறந்த ஆசிரியர்கள் கிடைத்தனர், சிறந்த வீரர்கள் தோன்றினர்" என்று. தவறு. அந்த ஆசிரியர்கள் அங்கே வந்தது வேறு கதவுகள் அடைபட்டிருந்ததனால். சிறையிலிருந்து ஒருவன் நல்ல நூல் எழுதினான் என்பதற்காகச் சிறைக்கு நன்றி கூறுவோமா? வேறு சிலர் கூறுவர்: "வெற்றி வந்ததும் வெறுப்பு மறைந்தது" என்று. அதுவும் தவறு. பள்ளிகளில் பிரிவினை கூடாதென இண்டியானா சட்டம் செய்தது 1949இல். பிரிவினைக் கல்வி அரசியல் சட்டத்திற்கு மாறானது என அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல். இண்டியானாபொலிஸ் கல்வித்துறை வேண்டுமென்றே பிரிவினையை நடத்தி வந்தது என நடுவண் நீதிமன்றம் கண்டு கூறியதோ 1971இல்! கோப்பை வந்து பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. கைதட்டுவது எளிது, பக்கத்து இருக்கையைத் தருவதுதான் அரிது.

நினைவிலும் நீதி சமமாக இல்லை. 1954இல் வென்ற மிலன் பள்ளியின் கதையைத் தழுவி 1986இல் திரைப்படம் வந்தது; உலகம் கண்டு மகிழ்ந்தது. அப்படத்தில் தோற்கும் எதிரணியின் பயிற்சியாளராக நடித்தவர் யார்? இருமுறை கோப்பை வென்ற ரே குரோ! அதே 1986இல் அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளி என்ற தகுதியை இழந்து கீழ்நிலைப் பள்ளியாக்கப்பட்டது. 2006இல் மீண்டும் உயர்நிலை பெற்றது. 2017இல் தன் பிரிவில் மாநிலக் கோப்பையை மீண்டும் வென்றது.

நாம் இதிலிருந்து கொள்ள வேண்டியது என்ன? 'தகுதி இல்லை' என்று ஒரு கூட்டத்தைப் பார்த்துக் கூறப்படும்போதெல்லாம், தகுதியைச் சோதிக்கக் கதவு திறந்திருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். 1942இல் கதவு திறந்தது. 1955இல் கோப்பை வந்தது. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் அம்மக்களின் இரத்தம் மாறிவிடவில்லை, எலும்பு மாறிவிடவில்லை. மாறியது கதவு ஒன்றுதான்.

கதவைத் திறந்ததோடு கடமை முடிவதுமில்லை. உள்ளே வந்தவன், வென்றவன், நகரின் நடுவே நிமிர்ந்து நிற்க வேண்டும். வகுப்பறையில் நின்று பாடம் சொல்லும் நமக்கு அந்தத் தீயணைப்பு வண்டி அடிக்கடி நினைவுக்கு வருகிறது. மாலையிட்டு ஏற்றினார்கள், நிற்க விடவில்லை. வெற்றி பெற்ற பிள்ளைகளை நிற்க விடாத ஊர் எதுவாயினும், அந்த ஊர் இன்னும் பள்ளிக்குப் போக வேண்டிய ஊர்தான்.