பம்பாய்க் கொள்ளைநோயும் 1927ஆம் ஆண்டுச் சமன்பாடும்

தொற்றுநோய்ப் பரவலைக் கணிதத்தால் விளக்க முயன்ற ஆய்வுகளுள், வில்லியம் கெர்மக், ஆண்டர்சன் மெக்கென்ரிக் ஆகிய இருவரும் 1927இல் இலண்டன் ராயல் கழகத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரையளவு செல்வாக்குப் பெற்றவை மிகச் சில. கெர்மக், ஆய்வக விபத்தில் பார்வையை இழந்த வேதியியலாளர். மெக்கென்ரிக், இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலியின் பாஸ்டர் நிலையத்துக்குத் தலைமை தாங்கியவர். அவர்களது மாதிரியின் எளிய வடிவம் மக்களை மூன்று பிரிவினராகக் கொள்கிறது: நோய்க்கு ஆளாகக்கூடியோர், தொற்றுடையோர், குணமடைந்தோ இறந்தோ பரவலிலிருந்து விலகியோர். புதிய தொற்றுகள் முதலிரு பிரிவினரின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்தில் எழுகின்றன. ஆளாகக்கூடியோரின் அடர்த்தி ஒரு வரம்பைத் தாண்டினாலன்றி நோய் பரவாது என்பதும், அவர்கள் அனைவரும் தொற்றுக்கு உள்ளாகும் முன்னரே அது ஓய்ந்துவிடும் என்பதும் இதிலிருந்து பெறப்படும் முடிவுகள். இவை தர்க்கத்தால் நிற்பவை. எந்த ஊரின் புள்ளிவிவரமும் இவற்றுக்குத் தேவையில்லை.

ஆயினும் பாடநூல்கள் பலவும் எடுத்தாள்வது அக்கட்டுரையின் ஒரே வரைபடத்தையே. 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் வாரந்தோறும் பிளேக்கால் நேர்ந்த இறப்புகளின் மீது, ஏப்ரல் நடுவில் வாரத்துக்கு 890 என்னும் உச்சத்தைத் தொட்டு இருபுறமும் சமச்சீராகச் சரியும் வளைகோடொன்று அதில் வரையப்பட்டிருக்கிறது. பொருத்தம் வியப்பூட்டுவதே. ஆனால் பொருத்தம் வேறு, விளக்கம் வேறு என்பதை அந்த வளைகோட்டின் எண்களைக் கொண்டே காட்டிவிடலாம்.

வளைகோட்டின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 8,900 இறப்புகள். தொடக்க வளர்ச்சி வீதம் வாரத்துக்கு 0.4. அன்றைய பம்பாயின் மக்கள்தொகையோ பத்து இலட்சத்தை ஒட்டியது. அனைவரும் ஆளாகக்கூடியோர் எனக் கொண்டு, பிளேக் கண்டோருள் பெரும்பாலோர் இறந்தனர் என்பதையும் கருதினால், ஒரு நோயாளி சராசரியாகத் தொற்றவைப்போரின் எண்ணிக்கை ஒன்றைவிட அரை விழுக்காடு அளவே மிகுந்திருக்க முடியும். அவ்வளவு சிறிய மிகையைக் கொண்டு அந்த வேகத்தை எட்ட வேண்டுமாயின், ஒருவரது தொற்றுக்காலம் சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். மருத்துவம் அறிந்த எவரும் இதை ஏற்கமாட்டார்.

மனிதரிடையே நேரடியாகப் பரவியதாகக் கொள்வதாலேயே இம்முரண் எழுகிறது. நெறிகட்டும் பிளேக் எலிகளிடையே தெள்ளுப்பூச்சிகளால் பரவி, எலிகள் மடிந்தபின் அப்பூச்சிகள் வழியே மனிதரை அடைவது. கட்டுரையாசிரியர்களும் இதை அறியாதவர்கள் அல்லர்: மனிதரின் இறப்பு எலிகளின் நோயைப் பிரதிபலிப்பதாகத் தாம் கொண்டதையும், தம் எடுகோள்களுள் எதுவும் முற்றாக நிறைவேறாததையும் வெளிப்படையாக எழுதினர். படத்தை மட்டும் எடுத்தாண்டவர்கள் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டனர். எலிகளைப் புகுத்தினாலும் சிக்கல் தீர்வதில்லை. எலிகளின் எண்ணிக்கை தெரியாத நிலையில் கெழுக்களை விரும்பியவாறு அமைத்துக்கொள்ளலாம் என்பதால், எத்தகைய மணிவடிவ வளைகோடும் மாதிரியை மறுக்காது.

இறங்குமுகத்தின் காரணமே உண்மையான விவாதப் பொருள். மாதிரியின்படி, ஆளாகக்கூடியோர் குறைந்ததால் நோய் தணிந்தது. ஆனால் 1896இல் பம்பாயை அடைந்த பிளேக், ஆண்டுதோறும் குளிர்காலத்தில் எழுந்து, மார்ச், ஏப்ரலில் உச்சம் கண்டு, வெயில் முற்றியபின் அடங்கி, மீண்டும் திரும்பிவந்தது. கடும் வெப்பம் தெள்ளுப்பூச்சிகளின் வாழ்வைச் சுருக்குவது. ஒரே பருவத்தின் தரவு இவ்விரு காரணங்களுள் எதையும் தேர்ந்து கூறாது. அடுத்தடுத்த ஆண்டுகளின் இறப்புக் கணக்குகளையும் அருகில் வைத்திருந்தால், பருவத்தின் பங்கு 1927லேயே புலப்பட்டிருக்கும்.